மூன்றாம் பேஸ் வரைக்கும்

ஒக்ரோபர் 29, 2025, புதன் இரவு, மொன்றியல்

லொஸ் ஏஞ்சலஸில் பேஸ்போல் இறுதித் தொடரான வேர்ல்ட் சீரிஸின் ஐந்தாவது மட்ச், எங்கள் ரொறன்ரோ புளூ ஜேய்ஸுக்கும் லொஸ் ஏஞ்சலஸ் டொட்ஜர்ஸுக்கும். முதல் பந்திலேயே எங்கள் டேவிஸ் ஷ்னைடர் சுவருக்கு மேலால் ஹோம் ரன் அடித்தார். மூன்றாவது பந்தில் விளாடி. அப்போது சோபாவை விட்டு எழும்பியவன், மட்ச் முடியும்வரை இருக்கவேயில்லை. ட்ரே யெசாவேஜ் என்ற 22 வயதுப் பிள்ளை இந்த வருடத் தொடக்கத்தில் கீழ்மட்ட லீக்கில் பந்து போட்டுக்கொண்டிருந்தவன். இன்றைக்கு டொட்ஜர்ஸை 12 தடவை ஸ்ட்ரைக் அவுட், அதாவது அடிக்க விடாமலே அவுட், ஆக்கினான். 6-1. தொடரில் 3-2 என்று நாங்கள் முன்னுக்கு நிற்கிறோம். இன்னும் ஒரேயொரு மட்ச் வென்றால் 1993க்குப் பிறகு ரொறன்ரோவுக்கு முதல் வேர்ல்ட் சீரிஸ்.

நான் ரொறன்ரோக்காரன் இல்லை. மொன்றியலுக்கு வந்து 36 வருடம். வந்த புதிதில் பார்க் எக்ஸ்ரென்ஷனில் ஒரு கிரேக்க உணவகத்தில் கோப்பை கழுவினேன். அடுப்படியில் எந்த நேரமும் ரேடியோ ஓடும், பிரெஞ்சில், மொன்றியலின் அணியான எக்ஸ்போஸின் மட்ச். வர்ணனையாளர் ஜாக் டூசேயின் குரலில்தான் எனக்குப் பிரெஞ்சும் பேஸ்போலும் ஒன்றாக வந்தன. ஹோம் ரன் போனால் மற்ற வர்ணனையாளர் ரொட்ஜர் புருலோத் 'பொன்சுவா, எல் எ பார்த்தி!' என்பார். 'இனிய இரவு, அவள் போய்விட்டாள்' என்று அர்த்தம். பிரெஞ்சில் பந்து பெண்பால். கிரிக்கெட் தெரிந்தவனுக்கு அந்த ஆட்டம் பிடிபட ஒரு கோடைகாலம் போதும்: மூன்று பேஸையும் சுற்றி, தொடங்கின இடமான 'வீட்டுக்கு' வந்தால் ஓர் ஓட்டம்.

1994 இல் எக்ஸ்போஸ் 74 வென்று 40 தோற்று, பேஸ்போலிலேயே முதல் இடத்தில் நின்றது. ஓகஸ்ட் 12 ஆம் திகதி வீரர்களின் வேலைநிறுத்தம் தொடங்கியது. அந்த வருடம் வேர்ல்ட் சீரிஸே நடக்கவில்லை. அந்த அணி அதன் பிறகு அப்படி ஒருநாளும் ஆடவில்லை. 1996 இல் விளாடிமிர் கெரேரோ வந்தார். தரையில் குத்தி எழும்பும் பந்தையும் அடிப்பார், முகத்துக்கு நேரே வரும் பந்தையும் அடிப்பார். வெளிமைதானத்தின் மூலையில் இருந்து அவர் எறியும் பந்தைப் பார்க்கவே சம்பளத்தில் ஒரு பங்கை ஒலிம்பிக் ஸ்டேடியத்தில் கொடுத்தேன். அவருடைய மகன், இன்றைய விளாடி, 1999 இல் மொன்றியலில் பிறந்தான். எக்ஸ்போஸ் உடுப்போடு தகப்பனுக்குப் பக்கத்தில் மைதானத்தில் நின்று தொப்பியைத் தூக்கிக் காட்டும் அந்தச் சின்னப் பிள்ளையின் படத்தை இந்த நாட்டில் பேஸ்போல் பார்க்கும் எல்லோருக்கும் தெரியும்.

2004 செப்ரெம்பர் 29 ஆம் திகதி மொன்றியலில் எக்ஸ்போஸ் ஆடிய கடைசி மட்ச்சுக்கு நானும் போயிருந்தேன். 9-1 என்று தோற்றோம். பிறகு அணியை வாஷிங்டனுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். தோல்வி எனக்குப் பழக்கம்தான். ஆனால், ஒரு நாள் காலையில் எழும்பும்போது உன் அணியே இல்லை என்பது வேறு. பத்து வருடத்துக்கு மேல் நான் பேஸ்போல் பார்க்கவேயில்லை.

2018 மார்ச்சில் புளூ ஜேய்ஸ் காட்சி ஆட்டம் ஆட மொன்றியலுக்கு வந்தது. நண்பர் ஒருவர் இழுத்துக்கொண்டு போனார். கடைசியான ஒன்பதாவது இன்னிங்ஸ், 0-0. தகப்பனின் 27 ஆம் நம்பரைப் போட்டுக்கொண்டு, 19 வயது மகன் வந்து ஹோம் ரன் அடித்து மட்ச்சை முடித்தான். தகப்பன் ஆடிய அதே மைதானம். பக்கத்தில் நின்ற ஆள் யாரென்றே தெரியாது, இரண்டு பேரும் கட்டிப் பிடித்து அழுதோம். அன்றையிலிருந்து நான் புளூ ஜேய்ஸ்.

இந்த இரவில் மனைவி மேசையில் கணினியைத் திறந்து வைத்துவிட்டுச் சொன்னா: "ஒரு டிக்கெட் எடுங்கோ. 2004க்குப் பிறகு நீங்கள் ஒண்டுக்கும் இப்பிடி ஆசைப்பட்டதை நான் காணேல்லை."

ஆறாவது மட்ச், 500 ஆம் அடுக்கு, கூரையைத் தொடுகிற இடம். 1,300 டொலர். எடுத்துவிட்டேன்.

ஒக்ரோபர் 30, வியாழன்

மொன்றியலில் இருந்து ரொறன்ரோவுக்கு 540 கிலோமீற்றர். ஐந்தரை மணித்தியாலத்தில் போகலாம். எனக்கு எட்டரை எடுத்தது. கிங்ஸ்டன் வரை தூறல், பெல்வில் தாண்டியதும் வீதித் திருத்த வேலை, வாகனங்கள் நத்தை மாதிரி ஊர்ந்தன.

ஆனால் அந்த நெரிசலில்தான் முதல் அதிசயம். பக்கத்து லேனில் ஒரு லொறி. என் எக்ஸ்போஸ் தொப்பியை, அந்த நீலம் வெள்ளை சிவப்பு மூன்று நிறத் தொப்பியை, சாரதி கண்டுவிட்டார். சீக்கியர், என் வயதுதான் இருக்கும். கண்ணாடியை இறக்கச் சொல்லிச் சைகை காட்டினார். 'பெட்ரோ! லாரி வோக்கர்!' என்று பழைய ஆட்டக்காரர்களின் பெயர்களை அடுக்கினார். நான் 'டிம் ரெயின்ஸ்' என்றேன். அவர் நெஞ்சில் கையை வைத்தார். இப்படியே கால் மணித்தியாலம் எங்கள் வாகனங்கள் பக்கம் பக்கமாக ஊர்ந்தன, மழையில் இரண்டு பேரும் கண்ணாடியை ஏற்றவில்லை. பிரியும்போது அவர் தந்தது இரண்டு மண்டரின் தோடம்பழம், ஜன்னலுக்கு ஜன்னல் கைமாறியது.

இரவு எட்டு மணிக்கு ஸ்காபரோவில் தம்பி வீடு. பிட்டு, மீன் குழம்பு, கத்தரிக்காய்ப் பொரியல். தம்பியின் மகனுக்குப் பத்து வயது, நான் உள்ளுக்கு வந்ததில் இருந்து ஒரே கேள்வி: "பெரியப்பா, விளாடியோட அப்பாவ நீங்க நேர்ல பாத்தீங்களா?" பார்த்தேன் என்றேன். "எவ்ளோ கிட்ட?" என்றான். வலப்பக்கக் கம்பியில் சாய்ந்து நின்றால் அவர் மூச்சு விடுவது தெரியும் என்றேன். அதற்குப் பிறகு பிள்ளை என்னை விட்டு அசையவில்லை.

ஒக்ரோபர் 31, வெள்ளி

இன்றைக்கு ஹலோவீன். பின்னேரம் நான் வெளிக்கிடும்போது வீதியில் சின்னப் பிள்ளைகள் மிட்டாய்ப் பையோடு வரத் தொடங்கிவிட்டார்கள். பேய் வேஷத்தை விட புளூ ஜேய்ஸ் உடுப்புத்தான் கூட. தம்பியின் மனைவி ஒரு பையை நீட்டினா. "அத்தான், உள்ளுக்கு எல்லாம் ஆனை விலை. இதைக் கொண்டு போங்கோ." எட்டு மட்டன் ரோல்ஸ், அலுமினியத் தாளில் சுற்றி. இந்த மைதானத்துக்குள் சாப்பாடு கொண்டுபோகலாம், நல்ல விஷயம்.

யூனியன் ஸ்டேஷனில் இறங்கினால் நிலம் தெரியவில்லை, நீலம்தான். அங்கிருந்து மைதானத்துக்கு நடந்து போகிற பாதையில் என் தொப்பியைக் கண்டு கைகொடுத்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ணத் தொடங்கி, பதினேழில் விட்டுவிட்டேன். ஒரு கிழவர் பிரெஞ்சில் 'இன்றைக்கு எங்கள் பிள்ளைக்காக' என்றார். அவர் விளாடியைத்தான் சொன்னார் என்று எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும்.

எனக்கு வலது பக்கத்தில் ஒரு யப்பானியத் தம்பதி, அறுபது வயது இருக்கும். ஒசாக்காவில் இருந்து வந்திருக்கிறார்கள், டொட்ஜர்ஸுக்குப் பந்து போடும் யமமோட்டோவுக்காக. கணவர் தன் இருக்கைக்கு வருமுன் வரிசையில் இருந்த எங்கள் ஒவ்வொருவருக்கும் தலையைக் குனிந்தார். இரண்டாவது இன்னிங்ஸில் ரோல்ஸை நீட்டினேன். அந்த அம்மா ஒரு கடி கடித்தா, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆனாலும் முழுதாகச் சாப்பிட்டு, தாளை நான்காக மடித்துத் தன் பைக்குள் வைத்தா. பிறகு ஒரு சின்னப் பெட்டியில் இருந்து அரிசிப் பலகாரம் எடுத்துத் தந்தா, கடற்பாசி சுற்றியது. அருமை.

மூன்றாவது இன்னிங்ஸில் டொட்ஜர்ஸ் மூன்று ஓட்டம். வில் ஸ்மித் ஒன்று, மூக்கி பெட்ஸ் இரண்டு. அதே இன்னிங்ஸில் ஸ்பிரிங்கரின் அடியில் எங்களுக்கு ஒன்று. அதற்குப் பிறகு யமமோட்டோ ஆறு இன்னிங்ஸ் முடியும்வரை எங்களுக்கு ஒன்றும் விட்டுத்தரவில்லை. பக்கத்து மனிதர் தன் ஆள் நன்றாகப் போடும்போதும் கை தட்டுவதை மடிக்குள் வைத்துத் தட்டினார், எங்களைச் சுற்றி எல்லோரும் நீலம் என்பதால்.

இனி ஒன்பதாவது இன்னிங்ஸ். 3-1. எங்கள் கேர்க்குக்கு மேலில் பந்து பட்டு முதல் பேஸ் கிடைத்தது, அவருக்குப் பதிலாக ஓட ஸ்ட்ரோ வந்தார். அடுத்தது அடிசன் பார்ஜர். பந்தை இடப்பக்கம் நடுவாக விளாசினார். 44,000 பேருக்கு மேல் எழும்பி நிற்கிறோம், மைதானமே அதிர்கிறது. பந்து சுவரில் பட்டுத் திரும்பவில்லை. சுவரின் மெத்தைக்கும் தரைக்கும் இடையில் போய்ச் செருகிக்கொண்டது. ஓடுகிறவர்கள் ஓடி வந்துவிட்டார்கள், ஆனால் விதிப்படி அது இரண்டு பேஸ்தான். ஓடினவர்கள் திரும்பிப் போகவேண்டும். சரி, பரவாயில்லை, இரண்டிலும் மூன்றிலும் ஆள், ஒருவரும் அவுட் இல்லை. ஓர் அடி போதும்.

பந்து போட டொட்ஜர்ஸின் கிளாஸ்னோ வந்தார். கிளெமென்ட் முதல் பந்தையே மேலே தூக்கிவிட்டார், அவுட். ஹிமெனெஸ் இடப்பக்கம் அடித்தார். நான் 500 ஆம் அடுக்கில் இருந்து பார்க்கும்போது பந்து விழும் என்றுதான் தெரிந்தது. கிகே ஹெர்னாண்டெஸ் ஓடி வந்து பிடித்தார், ஓடின வேகத்திலேயே இரண்டாவது பேஸுக்கு எறிந்தார். பார்ஜர் அங்கே இல்லை. அவர் பாதி வழியில். கிளாஸ்னோ போட்டது மூன்றே மூன்று பந்து. முடிந்தது.

இத்தனை பேர் ஒரே நேரத்தில் வாயை மூடினால் ஒரு சத்தம் கேட்கும், கூரைக்குக் கீழே காற்றோட்ட விசிறிகளின் சத்தம். அவ்வளவு நேரமும் அது அங்கேதான் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

யப்பானியர் எழும்பி ஒரு தடவை கூடக் கத்தவில்லை. என் பக்கம் திரும்பி, நீளமாகக் குனிந்தார். 'நாளைக்கு' என்று மட்டும் சொன்னார். அதன் பிறகு இரண்டு பேரும் தங்கள் காலடியில் மட்டுமில்லை, எங்கள் வரிசை முழுவதும் கிடந்த கோப்பைகளையும் பொறுக்கினார்கள். நானும் குனிந்து பொறுக்கினேன். கைக்கு ஒரு வேலை வேண்டியிருந்தது.

ஸ்காபரோவின் பழைய மேல்ரெயில் 2023 இல் நின்றுபோனது. இப்போது கெனடி ஸ்டேஷனில் இறங்கி பஸ் பிடிக்கவேண்டும். பஸ்ஸின் சூட்டில் நித்திரையாகிவிட்டேன். சாரதி தட்டி எழுப்பும்போது கடைசி நிறுத்தம். அடுத்த பஸ்ஸுக்கு நாற்பது நிமிடம் என்று காட்டியது, நடந்தேன். இரவு ஒன்றரை மணி, கை விறைக்கிற குளிர் காற்று. வீட்டு வாசல்களில் செதுக்கின பூசணிக்காய்கள், சிலவற்றுக்குள் மெழுகுதிரி இன்னும் எரிந்துகொண்டிருந்தது. ஒன்றில் புளூ ஜேய்ஸ் பறவையை மூக்கு முதல் சிறகுவரை பிசகாமல் வெட்டியிருந்தார்கள். எத்தனை மணித்தியால வேலையோ. அதற்குப் பக்கத்தில் படியில் கொஞ்ச நேரம் இருந்தேன்.

நவம்பர் 1, சனி

காலையில் தொண்டையில் சத்தமே இல்லை. கொத்தமல்லித் தண்ணி குடித்துவிட்டு மார்க்கம் வீதிப் பக்கம் ஒரு தமிழ்க் கடைக்கு இரவுச் சாப்பாட்டுக்குச் சொல்லப் போனேன். பத்து ரோல்ஸ், ஐந்து கொத்து, 75 டொலர். அங்கேதான் இந்தப் பயணத்தின் இரண்டாவது அதிசயம். அரங்கேற்றச் செலவும் காணி விலையும் பேசுகிற அந்தக் கடையில், வரிசையில் நின்ற ஏழு பேரும் பார்ஜரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். கொத்துப் போடுகிற அக்கா தகடு இரண்டையும் கையில் பிடித்தபடி சொன்னா: "அந்தப் பந்து சுவருக்குள்ளை செருகாமல் இருந்திருந்தால் ஒரு ஓட்டம் வந்திருக்கும் அண்ணை. நான் விடிய விடிய நித்திரை கொள்ளேல்லை." போன மாதம் வரை அவவுக்கு பேஸ்போல் என்றால் என்னவென்று தெரியாதாம். எனக்கு மொன்றியலில் இத்தனை வருடம் தமிழில் பேஸ்போல் பேச ஓர் ஆள் கிடைக்கவில்லை.

தொடர் 3-3, இரவு ஏழாவதும் கடைசியுமான மட்ச். தம்பியின் கீழ்வீட்டில் இருபது பேர். ஷேர்சர் பந்து போட வந்தார், 41 வயது. எக்ஸ்போஸ் வாஷிங்டனுக்குப் போய் நஷனல்ஸ் ஆகி, 2019 இல் வேர்ல்ட் சீரிஸ் வென்றபோது ஏழாவது மட்ச்சைத் தொடங்கியவரும் இவர்தான். அன்றைக்கு நான் தொலைக்காட்சியைப் போடவில்லை. இன்றைக்கு அதே மனிதர் எங்களுக்காக நிற்கிறார்.

மூன்றாவது இன்னிங்ஸ். டொட்ஜர்ஸின் ஓட்டானி போட்ட பந்து, எங்கள் போ பிஷெட், இரண்டு பேர் பேஸில். அடித்த சத்தத்திலேயே தெரிந்துவிட்டது. இல்லாத குரலில் நான் 'பொன்சுவா, எல் எ பார்த்தி!' என்று கத்தினேன். முழங்காலில் காயம் பட்டு மாதத்துக்கு மேலாக ஆடாமல் இருந்து வந்த பிள்ளை அடித்தது நடுச்சுவரைத் தாண்டிப் போனது. 3-0. கொத்து ஒரு பக்கம், கோழி ஒரு பக்கம், பிள்ளைகள் பெரிய ஆட்களின் தோளில். முழு இரவும் அப்படியே நின்றிருந்தால் என்று இப்போதும் நினைக்கிறேன்.

3-1. 3-2. 4-2. எட்டாவதில் மன்சியின் ஹோம் ரன், 4-3. ஒன்பதாவதில் ஒருவர் அவுட், இன்னும் இரண்டு பேர்தான். மிகேல் ரோஹாஸ், ஹோம் ரன்னுக்குப் பெயர் போனவர் இல்லை, இடப்பக்கச் சுவருக்கு மேலால் அடித்தார். 4-4.

கீழ்வீட்டில் ஒருவரும் ஒரு வசைச் சொல் சொல்லவில்லை. தம்பி எழும்பிப் போய் தேத்தண்ணிக்குத் தண்ணி வைத்தான்.

அந்த இன்னிங்ஸின் இரண்டாம் பாதியில் எங்களுக்கு எல்லா பேஸிலும் ஆள், ஒருவர்தான் அவுட். வார்ஷோ தரையில் அடித்தார். ரோஹாஸ் தடுமாறி எடுத்து வீட்டுக்கு எறிந்தார். மூன்றாம் பேஸில் இருந்து கைனர்-பலேபா சறுக்கி வந்தார். ஒரு சாண் கூட இல்லை, சில அங்குலம். அவுட். பிறகு கிளெமென்ட் தூரத்துக்கு அடித்ததை பஹேஸ் தன் கூட்டாளி மேல் மோதிக்கொண்டு பிடித்தார். கிளெமென்ட் இந்த வருட இறுதிச் சுற்று ஆட்டங்களில் 30 ஹிட் அடித்தவர், வேறு எவரும் செய்யாதது. அந்த 31 ஆவது கிடைத்திருந்தால்!

யமமோட்டோ திரும்ப வந்தார். முதல் நாள் 96 பந்து போட்ட கை. ஒசாக்காத் தம்பதி எங்கே இருந்து பார்க்கிறார்களோ என்று நினைத்தேன். அந்த மனிதரின் திறமைக்கு முன்னால் எனக்குக் கோபம் வரவில்லை. பதினோராவதில் வில் ஸ்மித், ஹோம் ரன், 5-4.

கடைசி. விளாடி முதலில் வந்து இடப்பக்க மூலைக்கு அடித்து இரண்டாம் பேஸில் நின்றான். தம்பியின் மகன் என் கையைப் பிடித்துக்கொண்டான். கைனர்-பலேபா பந்தைத் தட்டிவைத்துத் தான் அவுட்டாகி, அவனை மூன்றாம் பேஸுக்கு நகர்த்தினார். பார்ஜர் பிழையான பந்துகளால் நடந்து முதல் பேஸுக்குப் போனார். கேர்க் மட்டையோடு வந்தார். ஒரு ஹிட் வேண்டாம், தூரத்துக்கு ஒரு தூக்கு, அவ்வளவும் போதும். மட்டை உடைந்தது, பந்து பெட்ஸிடம் போனது. அவர் இரண்டாம் பேஸை மிதித்து முதல் பேஸுக்கு எறிந்தார். இரண்டு பேர் அவுட், தொடர் முடிந்தது.

விளாடி மூன்றாம் பேஸில் இருந்து ஓடி வந்துகொண்டிருந்தான். அந்த ஓட்டம் கணக்கில் வரவில்லை.

நள்ளிரவு தாண்டிவிட்டது. எல்லோரும் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போனார்கள். பிறகு இரண்டு மணி ஆனபோது நேரம் மாறி ஒரு மணியானது. குளிர்காலத்துக்கு மணிக்கூட்டைப் பின்னால் வைக்கிற இரவு. வருடத்தில் ஒரு மணித்தியாலம் கூடின இரவு அதுதான், நான் முழுக்க விழித்திருந்தேன்.

நவம்பர் 2, ஞாயிறு

இடியப்பம், சொதி, தேங்காய்ச் சம்பல். தம்பியின் மகன் சாப்பிட வரவில்லை. வாசலில் இருக்கிறான், 27 ஆம் நம்பர் உடுப்போடு. பக்கத்தில் போய் இருந்தேன்.

"பெரியப்பா, மூணாம் பேஸ்ல இருந்து வீட்டுக்கு 90 அடியாம். 90 அடின்னா எவ்ளோ தூரம்?"

தம்பியின் கருவிப் பெட்டியில் இருந்து அளவு நாடாவை எடுத்து வந்தேன். 27 மீற்றரும் கொஞ்சமும். தம்பியின் காரின் பின் சில்லை வீடு என்று வைத்து அளந்துகொண்டு போனோம். எங்கள் வாசல், பக்கத்து வீட்டு வாசல், அதற்கடுத்ததும் முடிந்து, மூன்றாவது வீட்டின் நீலக் குப்பைத் தொட்டியில் நின்றது. "இவ்ளோதானா?" என்றான். குரல் உடைந்தது.

அந்த வீட்டுச் சீனத்துக் கிழவி கதவைத் திறந்து பார்த்தா. அளவு நாடாவைப் பார்த்தா, பிள்ளையின் முதுகில் இருந்த இலக்கத்தைப் பார்த்தா. ஒன்றும் கேட்காமல் தொட்டியைக் கோட்டுக்கு நேராக ஓர் அடி தள்ளி வைத்துவிட்டு உள்ளே போனா.

அவன் தொட்டியில் கையை வைத்து நின்று, நான் கையைத் தட்டியதும் ஓடினான். கைத்தொலைபேசியில் பார்த்தேன், ஆறு செக்கன். திரும்ப ஓடினான். திரும்ப. உள்ளே இருந்து தாய் இரண்டு தரம் கூப்பிட்டா, சொதி ஆறுது என்று. அவன் தொட்டிக்குத் திரும்பி நடந்தான், இந்தத் தடவை தொட்டியில் இருந்து இரண்டு எட்டு முன்னால் தள்ளி நின்றுகொண்டு என்னைப் பார்த்தான்.

"தட்டுங்கோ பெரியப்பா."